சில்லுச் சந்தேகங்கள்: போட்டிக் காரின் பாரத்தைக் குறைப்பது எப்படி?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: மலைப்பாதையில் ஏறும் மலையேற்றப் போட்டிக்கும் மண்பாதை ஓட்டப் போட்டிக்கும் கொண்டுபோகும் காரில் எதைக் கழற்றலாம், எதைத் தொடவே கூடாது? ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாகப் பாரக் குறைப்புக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் ஈபி82 ரக டொயோட்டா ஸ்ராலெற் இருக்கிறது. நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றத்துக்குக் கொண்டுபோக ஆசை. எஞ்சினில் கைவைக்கப் பணம் போதாது. பாரத்தைக் குறைத்தாலே போதும் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– கொக்குவில் வாசகர்

பதில்: விதிநூலிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் ஓடப்போகும் வகுப்பில் குறைந்தபட்ச நிறை எவ்வளவு, அது சாரதியோடு சேர்த்தா சேர்க்காமலா, டாஷ்போட்டும் கதவு உள்மட்டையும் இருந்தே ஆக வேண்டுமா என்பவற்றை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழற்றி வீசிய பிறகு "இந்த வகுப்பில் அது இருக்க வேண்டும்" என்று பரிசோதகர் சொன்னால் பழைய சாமான் கடைகளில் தேடித் திரிய வேண்டிவரும்.

எஞ்சினுக்குப் பணம் இல்லை என்று கவலைப்படத் தேவையில்லை. நீங்கள் தேர்ந்த வழி நல்ல வழி. காரும் சாரதியும் சேர்ந்து 880 கிலோ என்று வையுங்கள். 80 கிலோவைக் குறைத்து 800க்குக் கொண்டுவந்தால், 100 குதிரை வலு எஞ்சின் 110 குதிரை வலு உள்ளதைப் போல முடுக்கும். கூட்டிய குதிரை வலு முடுக்கத்துக்கு மட்டும்தான் உதவும். குறைத்த பாரமோ பிறேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் உதவும். மகாகஸ்தோட்டவில் இன்னொரு காரணமும் உண்டு. 1934இலிருந்து ஓட்டம் நடக்கும் அந்த மலை கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி யாழ்ப்பாணத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் ரேர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்குச் சோர்ந்துபோகும். கபுரேற்றர் எஞ்சினானால் இங்கே சரிபார்த்த ஜெற் (பெற்றோல் வரும் நுண்துளை) அங்கே பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். உயரம் எஞ்சினின் வலுவைத் தின்னும், கழற்றிய பாரத்தை அதனால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அடுத்து ஒரு கொப்பியும் தராசும். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் நிறுத்து எழுதுங்கள். போல்ற், ஆணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் ஒட்டுங்கள். செலவில்லாமல் கழற்றக்கூடியவை ஈபி82 அளவுள்ள காரில் ஏறக்குறைய இப்படி வரும்: பின் சீற்றும் பட்டிகளும் 15 கிலோ, உபரிச் சில்லு, ஜக், ஆயுதங்கள் 15, கம்பளமும் அதன் கீழுள்ள பஞ்சும் 7, சத்தம் அடக்கும் தார்த் தகடு 8, முன் பயணி சீற் 13, கதவு, டிக்கி உள்மட்டைகள் 8, ஸ்பீக்கர், ரேடியோ, பின் வைப்பர் மோட்டார் 5, ஏசி முழுத் தொகுதி 15. எல்லாம் சேர்த்தால் 86 கிலோ. மழையில் நனைந்து காயாத பஞ்சு என்றால் இன்னும் கூடும்.

இதற்குமேல் போவதற்கு முன்னர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஒரே கிலோ எல்லா இடத்திலும் ஒரே பயனைத் தராது. கூரையிலும் பின் பம்பருக்குள்ளும் இருக்கும் கிலோ, சாரதியின் காலடியில் இருக்கும் கிலோவைவிடத் தொல்லையானது. சுழலும் சில்லில் இருக்கும் ஒரு கிலோ, முடுக்கும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கணக்காகும். குழியில் விழுந்து எழும்போது ஸ்பிறிங்காலும் அதைத் தாங்க முடியாது. அழகுக்காக 17 அங்குல மலிவு றிம் போடுவோர் பலர். அப்படி ஒரு றிம் மட்டும் 9–10 கிலோ வரும். இலேசான 13 அங்குல அலோய் றிம் 5 கிலோவுக்குள் அடங்கும். உங்கள் காரில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் றிம்தான்.

சாரதி சீற்றைப் பாரத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். உடலைச் சுற்றி அணைக்கும், சாயாத பக்கற் சீற் 5–6 கிலோ குறைக்கும். ஆனால் அதன் பெறுமதி உடலைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. சீற்றைத் தாங்கும் கால்கள் உருக்கென்றால் 3 மி.மீ., அலுமினியக் கலப்பென்றால் 5 மி.மீ. தடிப்புக்குக் குறையக் கூடாது. குறைந்தது நான்கு இடத்தில் 8 மி.மீ. போல்ற் வேண்டும். வளைத்த மெல்லிய இரும்புப் பட்டியில் பக்கற் சீற்றைக் கட்டுவது உயிருக்கு ஆபத்து.

பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோ. நிரம்பிய 40 லீற்றர் ராங்கி 30 கிலோ சுமக்கும். மலையேற்றத்துக்கு 8–10 லீற்றர் போதும். அதற்கும் கீழே போனால் கொண்டை ஊசி வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் மூச்சுத்திணறும்.

கேள்வி: தரையில் ஒட்டியிருக்கும் தார்த் தகட்டை எடுக்க உலர் பனிக்கட்டி வேண்டும் என்கிறார்கள். இங்கே மீனுக்குப் போடும் ஐஸ் தாராளமாகக் கிடைக்கிறது. அது போதாதா? உப்புப் போட்டால்?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: போதாது. மீன் ஐஸ் சுழியம் பாகையில் நிற்கும். அந்தக் குளிரில் தார் இறுகுமே தவிர நொறுங்காது. உலர் பனிக்கட்டி என்பது உறைந்த காபனீரொட்சைட்டு. அது −78 பாகை. உப்புச் சேர்த்த ஐஸ் −20 பாகை வரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் உப்புத் தண்ணீரை வெறும் தகட்டில் ஊற்றுவதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. கடற்காற்றுப் படும் ஊரில் தகட்டின் பொருத்துகளுக்குள் உப்பு இறங்கினால் கறள் உள்ளிருந்து வரும். வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

உலர் பனிக்கட்டி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், வழியிலேயே ஆவியாகிக் குறையும். அது கிடைக்காவிட்டால் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியும் அகலமான சுரண்டியும் போதும். ஒரு கைப்பிடி அளவு இடத்தைச் சூடாக்குங்கள். தார் மினுங்கத் தொடங்கியதும், உருகி ஓடுவதற்கு முன்பு, சுரண்டியைத் தகட்டோடு படுக்கவைத்துத் தள்ளுங்கள். அதிகம் சூடாக்கினால் தார் பாகாகி எல்லா இடமும் ஒட்டும். அடியில் இருக்கும் பெயின்றும் பொங்கும். மறுபுறத்தில் பெற்றோல் குழாயோ பிறேக் குழாயோ வயரோ போகிறதா என்று முதலில் காரின் அடியில் பாருங்கள். மிச்சப் பிசினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். அதைச் சூடு ஆறிய பிறகே செய்ய வேண்டும். சூட்டுத் துப்பாக்கியும் மண்ணெண்ணெயும் ஒரே நேரத்தில் காருக்குள் இருக்கக் கூடாது.

உலர் பனிக்கட்டி கிடைத்தால் தடித்த கையுறை போடுங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்துவையுங்கள். அந்த வாயு மூச்சை அடைக்கும். 10 நிமிடம் பரப்பிவைத்து றப்பர் சுத்தியலால் தட்டினால் துண்டு துண்டாகக் கிளம்பும்.

தார் போன பின்பு வெறும் தகடு தெரியும் இடமெல்லாம் கறள் தடுப்புப் பிறைமரும் ஒரு பூச்சுப் பெயின்றும் அன்றைக்கே அடித்துவிடுங்கள். தகடுகள் சேரும் கோட்டிலுள்ள சீலரைச் சுரண்டாதீர்கள். அதில் மிஞ்சிப்போனால் ஒரு கிலோ கிடைக்கும், தண்ணீர் மட்டும் வாழ்நாள் முழுக்க உள்ளே வரும். சைலன்சர் குழாய்க்கு மேலேயுள்ள சூட்டுத் தடுப்புத் தகட்டையும் விட்டுவிடுங்கள். நம்மூர் வெயிலில் கம்பளமும் தாரும் இல்லாத தரை சாரதியின் குதிக்காலைச் சுடும்.

கேள்வி: ஏசியையும் பவர் ஸ்ரியரிங்கையும் சேர்த்தே கழற்றலாமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: ஏசியைக் கழற்றுங்கள்; பவர் ஸ்ரியரிங் விடயத்தில் யோசியுங்கள்.

ஏசியில் முதல் வேலை வாயுவைப் பாதுகாப்பாக இழுத்தெடுப்பது. அதற்கு மெசின் உள்ள ஏசி கராஜுக்குப் போங்கள். குழாயை வெட்டிக் காற்றில் விட்டால் கண்ணிலும் கையிலும் உறைகாயம் வரும், வளிமண்டலத்துக்கும் கேடு. கொம்பிறசர் போன பின்பு அதே பட்டி பொருந்தாது. ஏசி இல்லாத அதே எஞ்சினின் பட்டி நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். கொண்டென்சரோடு அதன் மின்விசிறியையும் எடுப்பீர்கள்; ரேடியேற்றருக்கு மிஞ்சும் விசிறி தனியாகப் போதுமா என்று, கார் நின்றபடி 20 நிமிடம் ஓடவிட்டுச் சூட்டு முள்ளைக் கவனியுங்கள். புறப்பாட்டுக் கோட்டில் வரிசையில் நிற்கும்போதுதான் எஞ்சின் கொதிக்கும்.

பவர் ஸ்ரியரிங் பம்பும் குழாய்களும் ஏழெட்டுக் கிலோ வரலாம். ஆனால் பட்டியை மட்டும் கழற்றிவிட்டு அதே ராக்கை (சில்லுகளைத் திருப்பும் பற்சட்டம்) வைத்திருந்தால், சாதாரண ராக்கைவிடக் கடினமாகத் திரும்பும். உள்ளே இருக்கும் பிஸ்ரன் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதும், பவர் ராக்கின் பல் விகிதம் விரைவானது என்பதும் காரணங்கள். கழற்றுவதென்றால் அதே ரகத்தின் பவர் இல்லாத ராக்கைத் தேடி மாற்றுங்கள். பாரத்தில் அறுபது வீதத்துக்கு மேல் முன் சில்லுகளில் இருக்கும் காரில், இறுக்கமான வளைவுகள் உள்ள ஓட்டத்துக்கு, பவர் ஸ்ரியரிங்கை வைத்திருப்பதே விரைவு என்பது எங்கள் முடிவு. களைத்த கை பிழையான கோட்டை எடுக்கும்.

கேள்வி: பிளைவீலை லேத்தில் கொடுத்து 3 கிலோ இழைத்துத் தருவதாக ஒரு கடையில் சொன்னார்கள். 3 கிலோவில் என்ன வந்துவிடப்போகிறது?
– மானிப்பாய் வாசகர்

பதில்: நிறைய வரும். அதனால்தான் ஆபத்தும் வரும்.

பிளைவீல் என்பது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பாரமான வட்டு. அது 8 கிலோ, விட்டம் 26 செ.மீ., ரயரின் ஆரம் 28 செ.மீ. என்று எடுங்கள். முதலாம் கியரில் எஞ்சின் 14 சுற்றுச் சுற்றினால் சில்லு 1 சுற்றுச் சுற்றும். அந்த நிலையில் இந்தப் பிளைவீலைச் சுழற்றி எடுப்பது, காரில் ஏறக்குறைய 170 கிலோ கூடுதலாக ஏற்றி முடுக்குவதற்குச் சமம். இரண்டாம் கியரில் விகிதம் 8 என்றால் அது 55 கிலோவாகக் குறையும். ஐந்தாம் கியரில் 9 கிலோதான். ஆகவே 3 கிலோ சீராகக் குறைத்தால் முதலாம் கியரில் அறுபது கிலோவுக்கு மேல் இறங்கியதுபோல் இருக்கும். நீண்ட நேரோட்டத்தில் ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு கியரிலேயே பெரும்பகுதி ஓடும் மலையேற்றத்துக்கு இது பெரிய இலாபம்.

ஆனால் உங்கள் பிளைவீல் வார்ப்பிரும்பானால் அதை லேத்தில் கொடுக்க வேண்டாம். வார்ப்பிரும்பு இழுவிசைக்குப் பலவீனமானது. மெலிந்த இடத்தில் சூட்டுக் கீறல் விழுந்து, நிமிடத்துக்கு 7,000 சுற்றில் வெடித்தால், துண்டுகள் கிளச் கூட்டையும் தரைத் தகட்டையும் கிழித்துக்கொண்டு சாரதியின் காலுக்கு வரும். அடித்து வடித்த உருக்கிலிருந்து கடைந்தெடுத்த போட்டிப் பிளைவீலை வாங்குங்கள். எதைப் போட்டாலும் கிளச் மூடியோடு சேர்த்துச் சமநிலை பார்த்து, புதுப் போல்ற்களை முறுக்கு ஸ்பனரால் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மிக இலேசான பிளைவீல் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது எஞ்சினை நூர்த்துவிடும். ஏசி இல்லாத 1300 சி.சி. எஞ்சினுக்கு 5 கிலோவுக்குக் கீழே போக வேண்டாம்.

கேள்வி: குருநகரில் பைபர் வள்ளம் செய்யும் ஒருவர் பொனற் செய்து தரலாம் என்கிறார். பலமாக இருக்கும், ஐந்து படை போடுவேன் என்கிறார். செய்யலாமா?
– குருநகர் வாசகர்

பதில்: செய்யலாம், ஆனால் ஐந்து படை வேண்டாம். வள்ளம் செய்பவருக்குக் கை பழகியது கடலலையைத் தாங்கும் தடிப்பு. பொனற் தாங்க வேண்டியது காற்றை மட்டும்தான்.

கணக்கைப் பாருங்கள். 0.7 மி.மீ. உருக்குத் தகடு சதுர மீற்றருக்கு 5.5 கிலோ. சதுர மீற்றருக்கு 450 கிராம் வரும் கண்ணாடி நார்ப் பாய் இரண்டு படை, அதற்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் பிசின், மேலே ஜெல் கோட் என்னும் பிசின் பூச்சு எல்லாம் சேர்த்தால் சதுர மீற்றருக்கு மூன்றரைக் கிலோ. ஐந்து படை போட்டால் ஏழரைக் கிலோவுக்கு மேல் போகும். இரும்புத் தகட்டைவிடப் பாரமான பைபர் பொனற்றைக் காசு கொடுத்து வாங்கியவராவீர்கள்.

உங்கள் பழைய பொனற்றை மெழுகு பூசி அச்செடுக்கச் சொல்லுங்கள். ஜெல் கோட்டுக்குப் பின் இரண்டு படை. ஓரம் சுற்றிலும், பொனற்றைப் பூட்டும் ஊசிகள் (பொனற் பின்கள்) வரும் நான்கு இடத்திலும் மட்டும் மூன்றாவது படை. உட்புறத்தில் குறுக்காக இரண்டு விலா எலும்பு, நுரைத் துண்டின் மேல் ஒரு படை பாய். பிசினை உருளையால் நன்றாகப் பிழிந்தெடுக்க வேண்டும். பாய் நனைந்து ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்தால் போதும், குளமாக நிற்கும் பிசின் பாரமும் வெடிப்பும்தான். பிணைச்சலை நம்பாமல் நான்கு பொனற் பின்களால் பூட்டுங்கள். எஞ்சினின் சூட்டுப் புகை வெளியேறும் எக்சோஸ்ற் மனிபோல்ட் நேர் கீழே இருந்தால் அந்த இடத்தில் அலுமினியத் தாள் ஒட்டுங்கள். பொலியெஸ்ரர் பிசின் அந்தச் சூட்டில் இளகி வளையும்.

கேள்வி: கண்ணாடிகளைக் கழற்றி பேர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்ரிக்) போடலாமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: முன் கண்ணாடியைத் தொடாதீர்கள். இரண்டு படை ஒட்டிய கண்ணாடி அங்கே இருந்தே ஆக வேண்டும். பக்கமும் பின்னும் மாற்றலாம், ஆனால் பேர்ஸ்பெக்ஸ் வேண்டாம். அது கத்தி போன்ற துண்டுகளாக உடையும். பொலிகாபனேற் பிளாஸ்ரிக் தகடு போடுங்கள், 4 மி.மீ. தடிப்பு. அதே தடிப்பில் கண்ணாடி சதுர மீற்றருக்கு 10 கிலோ, பொலிகாபனேற் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கதவுக்குள் இருக்கும் ஏற்றிறக்கும் பொறியும் போவதால் ஒரு கதவுக்கு இன்னும் 2 கிலோ கிடைக்கும்.

வெயிலில் பொலிகாபனேற் உருக்கைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரியும். ஆணித் துளையை ஆணியைவிட 2 மி.மீ. பெரிதாகத் துளைத்து, றப்பர் வாசர் வைத்து, இறுக்கி முறுக்காமல் பூட்டுங்கள். இறுக்கினால் துளையிலிருந்து நட்சத்திரக் கீறல் ஓடும். தினரும் பெற்றோலும் பட்டால் மங்கிப்போகும். சவர்க்காரத் தண்ணீர் மட்டும் பாவியுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து வெல்டிங் கடையில் ஜீஐ குழாயில் றோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் குழாய்க் கூடு) 25 கிலோவுக்குள் செய்து தருகிறார்கள். முறையான கேஜ் 40 கிலோ வரும் என்கிறார்கள். கஷ்டப்பட்டுக் குறைத்த பாரத்தில் பாதியை ஏன் திரும்ப ஏற்ற வேண்டும்?
– அச்சுவேலி வாசகர்

பதில்: பின் சீற்றையும் ஏசியையும் கழற்றியதே இந்த 40 கிலோவுக்கு இடம் கொடுக்கத்தான். உள்மட்டையும் பஞ்சும் இல்லாத கார் உருண்டால் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இருப்பது கேஜ் மட்டுமே. அது முறையாக இருக்க வேண்டும், அல்லது அந்தக் கார் ஓட்டத்துக்குப் போகக் கூடாது.

ஜீஐ குழாய் தண்ணீருக்காகச் செய்தது. அதன் பலத்துக்கு யாரும் சான்று தரவில்லை. நீளவாட்டில் ஒட்டிய பொருத்து வளைக்கும்போதே திறக்கக்கூடும். நாகப் பூச்சின் மேல் வெல்டிங் செய்தால் ஒட்டு நுரைத்துப் பலவீனமாகும். அந்தப் புகை வெல்டருக்கும் காய்ச்சல் தரும். உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எப்.ஐ.ஏ.யின் விதி கேட்பது குளிரில் இழுத்த, பொருத்தற்ற காபன் உருக்குக் குழாய். இழுவிசைப் பலம் சதுர மி.மீ.க்கு 350 நியூற்றனுக்குக் குறையாதது. சாரதிக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு விட்டம் 45, தடிப்பு 2.5 மி.மீ. அல்லது விட்டம் 50, தடிப்பு 2 மி.மீ. மற்ற உறுப்புகளுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2.

பாரம் குறைக்க விரும்பும் உங்களுக்கு நல்ல செய்தி இந்த இரண்டு தெரிவுக்குள்ளேயே இருக்கிறது. 45க்கு 2.5 குழாய் மீற்றருக்கு 2.62 கிலோ, 50க்கு 2 குழாய் 2.37 கிலோ. 38க்கு 2.5 குழாய் 2.19, 40க்கு 2 குழாய் 1.87. ஆறு கால் கேஜுக்கு 5 மீற்றர் பிரதான வளையமும் 14 மீற்றர் மற்றக் குழாய்களும் வேண்டும் என்றால், தடித்த வகையில் 44 கிலோ, அகன்ற வகையில் 38 கிலோ. விதிக்குள் நின்றுகொண்டே ஆறு கிலோ குறையும். உங்கள் ஏற்பாட்டாளரின் விதிநூல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

கேஜின் பலம் அது தரையில் நிற்கும் விதத்திலும் இருக்கிறது. பிரதான வளையத்தின் ஒவ்வொரு காலின் கீழும் 3 மி.மீ. தடிப்பு, 120 சதுர செ.மீ. பரப்புக்குக் குறையாத தகட்டை உடலோடு ஒட்டி, அதன் மேல் 8.8 என்ற பலத் தரமுள்ள 8 மி.மீ. போல்ற் மூன்று போட வேண்டும். பழைய காரில் அந்தத் தகடு உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டிப் பாருங்கள். கதவின் கீழ்ப் படிக்கட்டில் கறள் ஓட்டை இருந்தால் கேஜுக்கு முன்னர் ரிங்கர் வேலை. கறள் தின்ற உடலும் பாரம் குறைந்ததுதான், அந்தக் குறைவு நமக்கு வேண்டாம்.

கதவுக்குள் இருக்கும் பக்கவாட்டு மோதல் குழாயை, கேஜில் கதவுக் குறுக்குக் குழாய் போடாமல் வெட்டாதீர்கள். தூண்களிலும் நீளச் சட்டங்களிலும் துளை போட்டுப் பாரம் குறைக்கும் பழக்கம் சில கராஜ்களில் இருக்கிறது. 20 துளையில் அரைக் கிலோகூட வராது. ஸ்பிறிங்கை இறுக்கிய பின் உடல் முறுகுவதுதான் மிஞ்சும்.

கேள்வி: எல்லாம் கழற்றிய பின் பிறேக் பிடித்தால் பின்பக்கம் ஆடுகிறது. முன்பு இப்படி இல்லை. பின் உயரமும் கூடிவிட்டது.
– நல்லூர் வாசகர்

பதில்: எதிர்பார்க்க வேண்டிய விளைவுதான். பின் சீற், உபரிச் சில்லு, டிக்கி மட்டை எல்லாம் பின்னச்சின் மேல் இருந்தவை. பின் சில்லில் பாரம் குறைந்தால் அதே பிறேக் அழுத்தத்தில் அது முதலில் பூட்டிக்கொள்ளும். பின் பூட்டினால் கார் சுழலும். பின் பிறேக் குழாயில் கையால் திருப்பும் அழுத்தக் குறைப்பி ஒன்றைப் போட்டு, வெறும் இடத்தில் மணிக்கு 40, பின்பு 60 கிலோமீற்றரில் பிடித்துப் பாருங்கள். முன் சில்லுகள் எப்போதும் முதலில் பூட்ட வேண்டும். பின்னச்சின் உயரத்தைப் பார்த்து அழுத்தத்தை மாற்றும் வால்வு சில கார்களில் உண்டு. உங்களுடையதில் இருந்தால் உயரத்தைச் சரிசெய்த பின்பே அதைத் தொடுங்கள்.

உயரம்: பின் ஸ்பிறிங் சில்லில் மி.மீ.க்கு 20 நியூற்றன் கொடுக்கிறது என்றால், ஒரு பக்கம் 30 கிலோ போனதும் 15 மி.மீ. எழும்பும். ஸ்பிறிங்கை வளையம் வெட்டிக் குறைக்க வேண்டாம். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது, துள்ளும்போது கழன்றுவிடும். குட்டை ஸ்பிறிங் வாங்கி, பின்பு சில்லுக் கோணங்களைப் புதிதாகப் பாருங்கள்.

கேள்வி: நான்கு சில்லிலும் பாரம் எவ்வளவு என்று யாழ்ப்பாணத்தில் எங்கே பார்க்கலாம்?
– சங்கானை வாசகர்

பதில்: லொறி நிறுக்கும் பாலத்தில் மொத்த நிறையும் முன்னச்சு, பின்னச்சு நிறைகளும் தெரியும். அது 10 அல்லது 20 கிலோப் படியில் காட்டுவதால் தனிச் சில்லுக்கு உதவாது. வெங்காயமும் புகையிலையும் நிறுக்கும் 300 கிலோ மின்தராசு இருக்கிறதே, அது போதும். உங்கள் கார் அளவில் ஒரு சில்லில் 300 கிலோவைத் தாண்டாது. ஒரு தராசும், அதே உயரத்துக்கு வெட்டிய மூன்று பலகைக் கட்டைகளும் எடுங்கள். சீமெந்துத் தரையில் தண்ணீர்க் குழாய் வைத்து நான்கு இடமும் ஒரே மட்டமா என்று பாருங்கள், 3 மி.மீ. வித்தியாசம்கூடக் கணக்கை மாற்றும்.

ரயர்க் காற்று சமம், பெற்றோல் ஓட்டத்தன்று உள்ள அளவு, சாரதி உள்ளே, வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் முன் அன்ரி றோல் கம்பியின் ஒரு முனை கழற்றியிருக்க வேண்டும். ஜக் போட்டு இறக்கினால் சில்லுகள் உள்வாங்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு சில்லுக்கும் கீழே நடுவில் கிறீஸ் பூசிய இரண்டு தகரத் துண்டு வையுங்கள், சில்லு வழுக்கித் தன் இடத்துக்கு வரும். காரை நாலு தரம் அமுக்கி விடுங்கள். தராசை இடம் மாற்றி நான்கு இலக்கம் எழுதுங்கள்.

வலப்பக்கச் சாரதிக் காரில் வலமுன் 270, இடமுன் 238, வலப்பின் 142, இடப்பின் 150 வந்தது என்று வையுங்கள். மொத்தம் 800. வலமுன்னும் இடப்பின்னும் சேர்ந்த மூலைவிட்டம் 420, அதாவது 52.5 வீதம். வேண்டியது 50க்குக் கிட்ட. இல்லாவிட்டால் ஒரு பக்க வளைவில் நன்றாகத் திரும்பும், மறுபக்க வளைவில் மூக்கைத் தள்ளும். வலமுன் ஸ்பிறிங் இருக்கையை 2 மி.மீ. இறக்கி, இடமுன்னை 2 மி.மீ. ஏற்றி, மீண்டும் நிறுங்கள். ஒரு மூலையை ஏற்றினால் அந்த மூலையிலும் அதன் எதிர் மூலையிலும் பாரம் கூடும். முன்–பின் பங்கையோ இட–வலப் பங்கையோ ஸ்பிறிங்கால் மாற்ற முடியாது. அதற்குச் சாமானை இடம் மாற்ற வேண்டும். பற்றரியை இடப்பின் பக்கம் கொண்டுபோவது அதனால்தான். அப்படிச் செய்தால் மூடிய வகைப் பற்றரி, உருக்குப் பட்டி, பற்றரிக்குக் கிட்டவே பெரிய பியூஸ், வெளியிலிருந்து எட்டும் மின்துண்டிப்பு ஆளி எல்லாம் கட்டாயம்.

கேள்வி: என் காரில் எயார்பாக் இருக்கிறது. ஸ்ரியரிங் மாற்றினால் அதைச் சும்மா கழற்றலாமா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: பற்றரியின் எதிர் முனையைக் கழற்றி 10 நிமிடம் காத்திருந்து, பின்பே மஞ்சள் இணைப்பியைத் தொடுங்கள். மல்ரிமீற்றரால் எயார்பாக்கைச் சோதிக்காதீர்கள். அந்தச் சிறு மின்னோட்டமே வெடிக்க வைக்கலாம். கழற்றியதை முகம் மேலே பார்க்க வையுங்கள். சீற் பட்டியை இழுத்து இறுக்கும் பொறியிலும் வெடிமருந்து உண்டு.

எயார்பாக்கும் பட்டியும் கழற்றிய காரை வீதியில் ஓட்ட வேண்டாம். பதிவுப் புத்தகத்திலுள்ள இருக்கை எண்ணிக்கைக்கு மாறான கார் பொலிஸாருக்கும் காப்புறுதிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். கேஜ் உள்ள காரில் தலைக்கவசம் இல்லாமல் ஓடுவதும் ஆபத்து, சிறு மோதலிலும் தலை குழாயில் அடிபடும். ஓட்ட இடத்துக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர். பழைய கார் ஓட்டத்துக்காகப் பாரம் குறைக்கலாமா?
– காரைநகர் வாசகர்

பதில்: திரும்பப் பூட்டக்கூடியதை மட்டும் கழற்றுங்கள். உபரிச் சில்லு, பின் சீற், கம்பளம் போதும். வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். உருப்படியான மைனர் உடல் இனிக் கிடைக்காது. மிஞ்சும் காசை முன் பிறேக்குக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: என் கார் வகுப்பின் குறைந்தபட்ச நிறைக்கு 12 கிலோ கீழே போய்விட்டது. டிக்கிக்குள் மண்மூட்டை வைக்கலாமா?
– கரவெட்டி வாசகர்

பதில்: மூட்டை கூடாது. ஈடு நிறை கெட்டியான ஒரே துண்டாக, ஆயுதம் இல்லாமல் கழற்ற முடியாதபடி, பரிசோதகர் முத்திரை வைக்கக்கூடியதாக, கண்ணுக்குத் தெரியும்படி தரையில் இருக்க வேண்டும். 300க்கு 250 மி.மீ., 20 மி.மீ. தடிப்புள்ள உருக்குத் தகடு 11.8 கிலோ வரும். நான்கு மூலையிலும் 8.8 தரமுள்ள 8 மி.மீ. போல்ற் போட்டு, தரைத் தகட்டின் அடியில் 3 மி.மீ. தகடு கொடுத்துப் பூட்டுங்கள். வலப்பக்கச் சாரதிக் காரில் அதன் இடம் இடப்பக்கப் பயணியின் காலடி. மலையேற்றத்தில் பாரம் பின்னே சாயும் என்பதால் முன்சில்லு இழுக்கும் காருக்கு அது இரட்டை நன்மை.

ஓட்டம் முடிந்த பின்பு, பெற்றோல் எரிந்த நிலையில்தான் நிறுப்பார்கள். அவர்களின் தராசு உங்களுடையதோடு அப்படியே ஒத்துப்போகாது. ஆகவே 12 கிலோவை நிரப்பியதோடு நிற்காமல் இன்னும் மூன்று நான்கு கிலோ கூட வையுங்கள்.